செவலையைத் திரும்ப விட்ட நாள்

தம்பி,

லாஸ்பேட்டையில் உன் மாமியார் வீட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது பிரிசில்லா பக்கத்தில் வந்தால் மடித்து வைத்துவிடாதே. அவளும் படிக்கட்டும். இது அவளுக்கு எழுத வேண்டிய கடிதம்தான். உன் பெண்டாட்டிக்கு நேராக எழுதும் யோக்கியதை எனக்கு இன்னும் வரவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். ஸ்கூட்டரில் ஏறினால் கால்மணி நேரத்தில் வந்துவிடலாம், அதற்கு ஒரு கடிதமா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். நான் சொல்ல நினைப்பது ஒன்று, வாயைத் திறந்தால் வந்து விழுவது வேறொன்று என்று உனக்கே தெரியும். பேனா என் வாயைவிட மெதுவாகப் போகிறது. எழுதியது சரியில்லை என்றால் அடித்துவிடவும் முடிகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து நாங்கள் எல்லோருமாகப் போய் பிரிசில்லாவையும் குழந்தையையும் நெல்லித்தோப்புக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. குழந்தைக்கு ஐந்தாம் மாதம், கிறிஸ்துமஸுக்குப் பேத்தி நம் வீட்டில் இருக்க வேண்டும் என்று நானேதான் நாள் குறித்தேன். தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி அடித்தாயிற்று. சீலையைத் துவைத்துக் காயப்போட்டாயிற்று. ஆனால் திங்கட்கிழமை நம் கொல்லையில் நடந்ததைப் பார்த்ததிலிருந்து ஞாயிறு நெருங்க நெருங்க அந்த நாளை ஏன் குறித்தேன் என்று இருக்கிறது. கையில் எடுத்த டம்ளரை எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன்.

கோழிக் கதையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இந்த வருஷ மழையில் கொல்லை முழுக்கக் கணுக்கால் தண்ணீர் நின்றது உனக்குத் தெரியும். எட்டுக் கோழிகளையும் மாடிப்படிக்கு அடியில், உன் அப்பா கம்பிவலை அடித்துக் கொடுத்த அடைப்புக்குள் தள்ளி மூடினேன். அது நாலு கோழிக்குக் கட்டிய இடம். கிளறுவதற்கு மண் கிடையாது, கொத்துவதற்குப் புழு கிடையாது, நொய்யைப் போட்டுவிட்டு நான் உள்ளே வந்துவிடுவேன். ஒரு வாரம் போனதும் செவலைக் கோழிக்கு வால் அடியில் இறகு குறைந்திருந்தது. இறகு உதிர்க்கிற காலம் என்று நினைத்துக்கொண்டேன். உதிர்ந்திருந்தால் கீழே கிடக்க வேண்டும் அல்லவா? தரையில் ஒரு இறகுகூட இல்லை. அது என் மண்டையில் ஏறவில்லை. பிடுங்குகிற இறகை அவை தின்றுகொண்டிருந்தன.

பிடுங்கியது கருப்பி. நாள் தவறாமல் முட்டை வைக்கிறவள், நான் போனால் காலைச் சுற்றுகிறவள், என் செல்லம். முதலில் அவள் மட்டும்தான். சின்னதாக ஒரு கொத்து, ஒரு இறகு, அவ்வளவுதான்; செவலை ஒதுங்கிப் போய்விடும். பிறகு ஒருநாள் தோல் கிழிந்து ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அதன்பின் எல்லாமே சேர்ந்துகொண்டன. அதுவரை தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்த சாதுக் கோழிகள்கூட அந்தச் சிவப்பைப் பார்த்ததும் வந்து ஆளுக்கு ஒரு கொத்துக் கொத்தின. நான் செவலையைத் தூக்கி மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, குளியலறைக்குப் பக்கத்தில் மூங்கில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் வைத்தேன். கருவாட்டுத் தூள் கலந்து தீனி போட்டேன். மூன்று வாரத்தில் புண் ஆறி, குச்சி குச்சியாகப் புது இறகு முளைத்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை வெயில் நன்றாக அடித்தது. கொல்லையும் காய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் திறந்துவிட்டு, செவலையையும் பஞ்சாரத்திலிருந்து எடுத்து நடுவில் விட்டேன். ஏழும் நிமிர்ந்து பார்த்தன. செவலை தெரிந்த இடம்தானே என்று இரண்டு அடி வைத்தது. அப்போது போன் அடித்தது, உன் அக்கா. நான் உள்ளே போனேன். ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பது, யார் யாரைக் கூப்பிடுவது என்று பேசினோம். அவள் பிரிசில்லாவைச் சொல்லிக் கேட்டாள், "மதாமுக்கு இங்க சோறு எறங்குமா, இல்ல ரொட்டி வாங்கி வெக்கணுமா?" நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல், "வரட்டும், எட்டு மாசம் அவ அம்மா செல்லம் குடுத்து வெச்சிருப்பா, எல்லாம் மொதல்லேர்ந்து பழக்கணும்" என்றும் சொன்னேன். இருபது நிமிஷம் பேசியிருப்பேன். திரும்பி வந்தபோது செவலை துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் தலையைச் செருகிக்கொண்டு கிடந்தது. முதுகை எல்லாமாகச் சேர்ந்து கொத்திக் கிழித்திருந்தன. நான் விரட்ட விரட்ட கருப்பி திரும்பத் திரும்ப வந்தாள். மடியில் எடுத்து வைத்தேன், கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது, பிறகு இல்லை.

உன் அப்பா வந்து பார்த்துவிட்டு, "கொழம்பு வெச்சிடலாமா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் குழி வெட்டி முடிக்கும்வரை நான் செவலையை மடியிலிருந்து இறக்கவில்லை. ஒரு கோழிக்காக இத்தனையா என்று அவர் நினைத்திருப்பார். கோழிக்காக இல்லை தம்பி. நான் போனில் என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்.

இனி எழுதுவதை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். கல்யாணமாகி பிரிசில்லா நம் வீட்டில் இருந்தது பதினோரு மாதம். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அந்த வீட்டில் காலையில் ரொட்டியும் காப்பியும்தான் பழக்கம். வந்த மறுவாரம் அவள் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள். நான், "ஏங்க, நம்ம மதாமுக்கு முழு ரொட்டி ஒண்ணு வாங்கியாங்க" என்று உன் அப்பாவிடம் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அன்றைக்கு வேடிக்கைதான், சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. ஆனால் வெள்ளைக்காரத் துரைசானிக்குச் சொல்கிற அந்தப் பேர் நின்றுவிட்டது. மீன் ஆய்ந்தால் "மதாம் ஆஞ்ச மீனு", துணி மடித்தால் "மதாம் மடிப்பு". அவள் தன் அம்மாவிடம் போனில் பேசினால் நான் அடுப்படியில் பாத்திரத்தை ஓசையோடு வைப்பேன். உன் அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், தினம் வந்து தன் பங்குக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போவாள். பூச்சிக்கும் தீங்கு நினைக்காத உன் அப்பாகூட "மதாம் எழுந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

நீயும்தான். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் நான் உனக்கு அம்மா இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் உன்னிடம் ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். நீ எழுந்து நின்று, "மதாம் உத்தரவு" என்று சல்யூட் அடித்தாய். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. பிரிசில்லா உன்னைப் பார்த்தாள். நீ பார்க்கவில்லை, குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். அதுவரை நாங்கள் சொன்னதெல்லாம் தோலோடு போயிருந்தது, ரத்தம் வந்தது அன்றைக்குத்தான். அதன் பிறகு எங்களுக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நீயே சொல்லியாகிவிட்டது அல்லவா.

அவள் மாசமாக இருந்தபோது பிற்பகலில் பின்வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் காப்பி கொடுக்கப் போனேன். உச்சந்தலைக்குக் கொஞ்சம் பின்னால் ஒரே இடத்தில் விரலை விட்டு, முடியைச் சுற்றிச் சுற்றி, வெடுக்கென்று பிடுங்கினாள். கையைப் பார்த்தாள். அதைச் சுருட்டி முந்தானையில் வைத்துக்கொண்டு திரும்பவும் அதே இடத்துக்குப் போனாள். நான் ஓசைப்படாமல் காப்பியோடு உள்ளே திரும்பிவிட்டேன். என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, குளியலறைச் சல்லடையில் முடி அடைத்துக்கொண்டது என்று அவள் காதில் விழும்படி கத்தினேன். ஏழாம் மாதம் வளைகாப்பன்று பூ வைக்க அவள் தலைமுடியை ஒதுக்கினால், அங்கே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெறும் தோல். யாராவது பார்த்தால் ஏன் என்று கேட்பார்களே என்றுதான் முதலில் தோன்றியது, அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று தோன்றவில்லை. இரண்டு முழம் மல்லிகையை அதன் மேல் அடர்த்தியாக வைத்து மறைத்து, உன் மாமியார் கையில் அவளை ஒப்படைத்தேன். பூ வைத்ததற்கு எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள்.

போன மாதம் குழந்தையின் ஞானஸ்நானத்தன்று கோவிலில் அவள் குனிந்தபோது முக்காடு நழுவியது. அந்த இடத்தில் முடி வளர்ந்து, சின்னதாக, நட்டுக்கொண்டு நின்றது. பார்த்ததும் என் மனசு ஆறிவிட்டது, அப்பாடா, எல்லாம் சரியாகிவிட்டது என்று. வீட்டுக்கு வந்து அன்றைக்கே ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தேன். எங்களை விட்டுப் போனதால்தான் முளைத்தது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. செவலை செத்த பிறகுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் தீவனக் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரரை உனக்குத் தெரியும், கோழி விஷயம் எதுவானாலும் அவரைத்தான் கேட்பேன். நடந்ததைச் சொல்லி, மருந்து ஏதும் உண்டா என்றேன். அவர் மூட்டையைத் தைத்துக்கொண்டே கேட்டார், "அடிபட்டத எதுக்குமா எடுத்தீங்க?"

"பின்ன சாவட்டும்னு உடுறதா?"

"புண்ணு ஆறத் தனியா வெக்கறது சரி. கொத்துனத ஏன் வுட்டு வெச்சீங்க? அதத் தூக்கித் தனியா போட்டிருக்கணும். இவ இல்லாத நேரத்துல அது இன்னும் பெரிய ஆளாயிடுச்சி. இவ திரும்பி வந்தா, புதுசா வர்ற கோழி மாதிரிதான? சும்மா வுடுமா?" என்றார். பிறகு அடைப்பின் அளவு கேட்டார், தீனி என்ன என்று கேட்டார். "எடம் பத்தலன்னா கொத்தும். சத்து பத்தலன்னா கொத்தும். வேல இல்லன்னாலும் கொத்தும்மா, சும்மா நின்னுகினு இன்னா பண்ணும் அது?" என்றார்.

நான் தீவனத்தை வாங்கிக்கொள்ளாமலே நடந்துவிட்டேன். அவர் கூப்பிட்டுக் கொடுத்தார். நான் ரிட்டையர் ஆன மாதமும் உன் கல்யாண மாதமும் ஒன்று. முப்பது வருஷம் ஆபீசில் எத்தனையோ பேரை விரட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று நாள் முழுக்க ஒரு அடுப்படியில் நின்றேன், எதிரில் அவள் ஒருத்தி நின்றாள். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு மாமியார் உயிரோடு இல்லை. வந்த அன்றே சாவிக்கொத்து என் கையில். யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பட்டவள் திருப்பிக் கொடுக்கிறாள் என்று சொல்வார்களே, அந்தச் சமாதானம்கூட எனக்குக் கிடையாது. இப்படி ஒன்று என்னிடம் இருந்திருக்கிறது என்பதே எனக்குப் பயமாக இருக்கிறது.

திருந்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். புதன்கிழமை காலையில் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, இனி அந்தப் பேர் என் வாயில் வராது என்று நேர்ந்துகொண்டேன். அன்று சாயங்காலம் உன் அப்பா கையில் நீள ரொட்டியோடு வந்தார். என்னைக் கேட்காமலே வாய், "இன்னா, மதாமுக்கு இப்பவே வாங்கியாச்சா?" என்றது. ஒரு பகல்கூடத் தாங்கவில்லை. அவர் சிரித்தார், நான் போய்ப் படுக்கையில் உட்கார்ந்துகொண்டேன். அவள் ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டேதான் வருவாள், எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் சரிங்க அத்தை என்பாள். பொங்கலுக்குள் அவள் விரல் மறுபடியும் அந்த இடத்துக்குப் போகும். இந்தத் தடவை மடியில் ஒரு பெண்குழந்தை இருந்து அதைப் பார்க்கும். நான் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தது போல அதனால் நடக்க முடியாது.

அதனால் நான் போகிறேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் காரைக்காலுக்கு, உன் சித்தி வீட்டுக்கு. அவள் தனியாகத்தான் இருக்கிறாள், வா என்று வெகுநாளாகக் கூப்பிடுகிறாள். என்னை ஏற்றிவிட்டு, அப்படியே லாஸ்பேட்டைக்கு வந்து உன் அப்பா இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுப்பார். அவர் இங்கேயே இருக்கட்டும். நான் ஆரம்பித்தால் சேர்ந்துகொள்கிறவர்தான் அவர், தானாக ஆரம்பிக்க அவருக்கு வராது. உன் மாமியாரை ஒரு மாதம் நெல்லித்தோப்பில் வந்து தங்கச் சொல். ஆரத்தி அவர் எடுக்கட்டும். பேத்தி வருகிற அன்று மாமியார்க்காரி ஊரில் இல்லையாம் என்று கோவிலில் பேசுவார்கள். பேசட்டும், என் காதுக்கு வராது. அடுப்படியில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை பிரிசில்லா முடிவு பண்ணட்டும். என் டப்பாக்களை எல்லாம் இறக்கி, துடைத்து, மேடையைக் காலியாக வைத்திருக்கிறேன். சாவிக்கொத்து அப்பாவிடம் இருக்கிறது, அவள் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், உன் கையில் இல்லை.

உன் அக்காவிடம் நேற்றுச் சொன்னேன், பிரிசில்லா கூப்பிடாமல் அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று. "ஒனக்கு இன்னா பைத்தியமா? ஒரு கோழி செத்ததுக்கு வூட்ட உட்டுப் போறியா? நாம இன்னா அவள அடிச்சமா, ஒதச்சமா?" என்று குதித்தாள். "அடிச்சிருந்தா அவ யார்கிட்டயாவது சொல்லியிருப்பா" என்றேன். பிறகு அந்தக் காசு அகல இடத்தைப் பற்றிச் சொன்னேன். இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது. அவள், "எனக்கு ஏம்மா சொல்லல?" என்று கேட்டு அழுதாள். வருவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். அவள் மனசு மாறலாம். மாறினால் வாசலில் நீ நிற்க வேண்டும், பிரிசில்லாவை நிற்க வைக்காதே.

உனக்கு நான் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. வீட்டில் யாராவது அவளைப் பற்றி ஒன்று சொல்லி, மற்றவர்கள் சிரித்தால் நீ சிரிக்காதே. சண்டை போட வேண்டாம், நியாயம் பேச வேண்டாம், சிரிக்காமல் இருந்தால் போதும். முதல் ஆள் சொல்லும்போது எல்லோரும் உன் முகத்தைத்தான் பார்க்கிறோம், கொத்தலாமா கூடாதா என்று. அப்புறம், அவள் தலையை நீயே பார். கேட்காதே, கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். குழந்தையை அவள் குனிந்து தூக்கும்போது பார். உன் அம்மா பார்த்துவிட்டு மூடி வைத்தாள், நீ மூடாதே.

கிறிஸ்துமஸுக்கு நான் இருக்க மாட்டேன். குழந்தைக்குத் தைத்த வெள்ளைக் கவுன் பீரோவில் இருக்கிறது. பிரிசில்லாவுக்குப் பிடித்திருந்தால் போடட்டும், இல்லையென்றால் கிடக்கட்டும். இந்த வயதில் குழந்தைகள் வாரத்துக்கு ஒரு முகமாக மாறுகிறார்கள், நான் வரும்போது என்னைப் பார்த்து அழுமோ என்னவோ. எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியாது. என்றைக்காவது பிரிசில்லா தானாக என்னைக் கூப்பிட்டால் வருகிறேன், வந்தாலும் விருந்தாளி மாதிரி நாலு நாள். அவளிடம் நீ போய் "அம்மாவக் கூப்பிடட்டுமா?" என்று கேட்காதே. நீ கேட்டால் சரி என்றுதான் சொல்வாள். அவள் சொன்ன சரிகளை எல்லாம் நம்பித்தான் நாம் அந்தப் பதினோரு மாதத்தை ஓட்டினோம்.

இதைப் படித்ததும் உனக்கு அழுகை வரும், உடனே போனை எடுப்பாய். எடுக்காதே தம்பி. உன் குரலில் ஒரு தடவை வாம்மா என்று கேட்டுவிட்டால், சொன்னதெல்லாம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் நான் வந்துவிடுவேன்.

அம்மா